உப்புக் காயவில்லை

கனடாவின் ஸ்காபரோ நகரில் வசிக்கும் என் சகோதரியின் மகன் சென்ற குளிர்காலத்தில் தொலைபேசியில் பேசியபோது, பேச்சோடு பேச்சாக ஒரு குறை சொன்னான். "மாமா, காருக்குள்ள காப்பெட் எந்த நாளும் ஈரமாக் கிடக்கு. ஹீட்டரப் போட்டுக் காய வெச்சாலும் ரெண்டு நாளையில திரும்ப நனைஞ்சிருக்கு. எங்கயும் ஒழுகவுமில்ல."

பனிமழையைக் கண்ணால் கண்டிராத இறக்காமத்தில் இருந்துகொண்டு நான் என்ன சொல்வது? ஆயினும், ஒழுக்கில்லாமல் வரும் அந்த ஈரத்தை நான் முன்பே அறிவேன்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்து வந்தபோது, இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். குளத்தையும் வயலையும் அண்டி உள்நாட்டில் இருப்பதால் இறக்காமத்தை அலை எட்டவில்லை. சாய்ந்தமருதிலிருந்த என் மச்சானின் வீடு போயிற்று. அல்லாஹ்வின் கிருபையால் ஆட்கள் தப்பினர். மிஞ்சிய சொத்து, அவர் வாடகைக்கு ஓட்டிவந்த வேன் ஒன்றுதான். அதைக் கட்டி இழுத்து எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து, குளத்து நீரால் கழுவி, ஆசனங்களைக் கழற்றி முற்றத்து வெயிலில் வைத்தோம். தரைக் கம்பளம் மேலே மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. இயந்திரமும் திருத்தப்பட்டு வேன் மீண்டும் ஓடத் தொடங்கியது.

சில மாதங்களில் கம்பளம் தானாகவே நனையத் தொடங்கிற்று. கராஜில் அதனைக் கிழித்துத் தூக்கியபோது, அடியிலிருந்த பஞ்சுப்படை ஊறிக் கிடந்தது. தரைத் தகடு அப்பளம் போல நொறுங்கியது. திருத்துநர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தண்ணி காஞ்சிட்டுக் காக்கா. உப்புக் காயல்ல."

அந்த ஒரு வாக்கியத்தில் இவ்விடயத்தின் விஞ்ஞானம் முழுவதும் அடங்கிவிடுகிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். அந்த உப்புநீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும் வேகம் நன்னீருக்கு இல்லை. எங்கள் வேனுக்கு உப்பைக் கொடுத்தது கடல். கடலிலிருந்து வெகு தூரத்திலுள்ள ஸ்காபரோவில் என் மருமகனின் காருக்குள் உப்பு வந்த கதையை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

மோட்டார் வாகனத்துக்கு முந்திய காலத்தில், வட அமெரிக்காவில் வீதியிலுள்ள பனியைப் பெரும்பாலும் அகற்ற விரும்பியதில்லை. குதிரைகள் இழுக்கும் சறுக்கு வண்டிகளுக்குப் பனியே பாதை. ஆகவே பெரிய மர உருளைகளை உருட்டிப் பனியை இறுக்கினர். கூரையிட்ட பாலங்களுக்குள் பனி விழாது என்பதால், அள்ளிக் கொண்டுபோய்ப் பரப்பியும் வைத்தனர். காருக்கோ வெறுந்தரை தேவைப்பட்டது. முதலில் வழுக்காமலிருக்க மணலும் சாம்பலும் தூவினர். 1938இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் பரீட்சார்த்தமாக உப்பைத் தூவிப் பார்த்தது. 1941-42 குளிர்காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகள் அனைத்திலும் தூவப்பட்ட உப்பு 5,000 தொன் மாத்திரமே. போருக்குப் பின்னர் நெடுஞ்சாலைகள் பெருகின, உப்பும் பெருகியது. இன்று அங்கு ஆண்டொன்றுக்குத் தூவப்படுவது சுமார் 2 கோடி தொன் என மதிப்பிடப்படுகிறது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஹியூரோன் ஏரிக்கரையிலுள்ள கோடரிச் என்னும் ஊரில் 1866ஆம் ஆண்டு எண்ணெய் தேடித் துளையிட்டவர்களுக்குக் கிடைத்தது உப்பு. 1959இல் அங்கு திறக்கப்பட்ட சுரங்கம், ஏரிக்கு அடியில் சுமார் 550 மீற்றர் ஆழத்தில் பரந்து கிடக்கிறது. உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அதுவே. வீதி உப்பு சுற்றாடலுக்குத் தீங்கானது என்று கனடா அரசே 2001இல் முடிவுக்கு வந்தது. 2004இல் அதன் பாவனைக்கான நெறிக்கோவையையும் வெளியிட்டது. ஆயினும் உப்பைக் கைவிட முடியவில்லை. அது இல்லாத வீதியில் உயிர்கள் போகும்.

அவ்வாறு தூவப்பட்ட உப்பு, பாதி உருகிய பனிச்சேற்றோடு சப்பாத்தில் ஒட்டிக் காருக்குள் வருகிறது. ஹீட்டர் சூட்டில் பனி உருகிக் கம்பளத்தில் இறங்குகிறது. நீர் ஆவியாகிறது, உப்புத் தங்கிவிடுகிறது. மறுநாள் இன்னும் கொஞ்சம் சேர்கிறது. கடுங்குளிரில் சாதாரண உப்புப் பயன்படாதென்பதால் கல்சியம் குளோரைட்டையும் கலப்பதுண்டு. அது வறண்ட காற்றிலிருந்துகூட ஈரத்தை இழுக்கும். ஹீட்டரால் அக்கம்பளத்தை முற்றாக உலர்த்திவிட முடியாது.

ஆகவே, உப்பைக் கம்பளத்தை அடையுமுன் தடுப்பதே வழி. ஏறுமுன் ஆசனத்தில் பக்கவாட்டாக அமர்ந்து சப்பாத்துகளை ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளல் வேண்டும். தட்டுப்போல் விளிம்பு உயர்ந்த இறப்பர் விரிப்பு, உருகிய நீரைத் தேக்கி வைக்கும். அதனை அடிக்கடி வெளியே எடுத்து ஊற்றிவிட வேண்டும். பயணிகளின் பக்கம் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து, நனைந்ததும் மாற்றுவோரும் உளர். நாங்கள் எழுதியவை அவ்விதமாவது பயன்படட்டும்! வெண்கறை படிந்துவிட்டால், வெந்நீரும் வினாகிரியும் சம அளவில் கலந்து தடவி, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வெறுமனே உலர்த்தினால் உப்பு உள்ளேயே இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 2009 ஆகஸ்ட் 28 அன்று, கலிபோர்னியாவின் சான் டியேகோ அருகே இரவல் லெக்சஸ் கார் ஒன்று கட்டுப்பாடிழந்து விபத்துக்குள்ளாகி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் உயிரிழந்தனர். வேறொரு மாதிரிக் காருக்குரிய இறப்பர் விரிப்பு அதில் இடப்பட்டிருந்ததையும், எக்ஸலரேட்டர் மிதி அதில் சிக்கியதையும் விசாரணையாளர் கண்டனர். அடுத்த மாதமே டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 38 இலட்சம் வாகனங்கள் குறித்து மீளழைப்பு அறிவித்தது. எனவே சாரதி பக்கத்தில் அந்தக் காருக்கென்றே செய்த விரிப்பை, கொளுக்கியில் மாட்டி இட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விரிப்புகளை இடவே கூடாது.

இவை யாவும் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. வயற்சேற்றோடு வரும் எங்களை உம்மா வாசலிலேயே நிறுத்திக் கால் கழுவ வைப்பார். அதன் பிறகே பன்பாயில் உட்காரலாம். மாரி காலத்தில் அப்பாயைத் தினமும் தூக்கி நிறுத்தி, அடித்தரையையும் காயவிடுவார். 2005இல் வேனைக் கழுவிய நாங்கள், அந்தக் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மருமகனிடம் வேனின் கதையைச் சொல்லி, கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். மறுவாரம் பேசினான். சாரதியின் குதிக்கால் படும் இடத்தில், கம்பளத்துக்கு அடியில், ஐந்து ரூபாக் குற்றியளவு ஓட்டை. அவ்வழியாகப் புகைக்குழாயின் நச்சு வாயுவும் உள்ளே வரக்கூடும் என்று கராஜில் சொன்னார்களாம். அந்தக் காரில்தான் அவன் தன் இரு பிள்ளைகளையும் தினமும் பாடசாலைக்கு ஏற்றிச் செல்கிறான். தகடு ஒட்டி, பஞ்சுப்படையை மாற்றிய பின்னரே அவர்களை மீண்டும் ஏற்றினான்.

பனி நாடுகளில் வாழும் வாசகர்கள் இவ்வாரம் ஒருமுறை தத்தம் கார்க் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள். கை நனைந்தால், தூக்கியும் பாருங்கள்.