யார் வீட்டுச் சுவர்?

உங்கள் வீட்டில் தினசரி காலண்டர் எந்தச் சுவரில் தொங்குகிறது? கொஞ்சம் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு சாமி படம் இருக்கும். கீழே தேதி, ராகுகாலம், எமகண்டம். கூடவே கொட்டை எழுத்தில் ஒரு பெயர். மளிகைக் கடையோ, ஜவுளிக் கடையோ, நகைக் கடையோ.

சுவர் உங்களுடையது. ஆணி உங்களுடையது. பெயர் மட்டும் அவருடையது. ராகுகாலம் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தப் பெயரையும் சேர்த்துப் படித்துவிட்டுத்தான் வருகிறோம். வருஷம் 365 நாளும். இதற்கு அவர் கொடுத்த வாடகை? ஒரே ஒரு காலண்டர்.

இந்த வியாபாரத்தின் தலைநகரம் எதுவென்று உங்களுக்குத் தெரியும். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய், தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டி வந்தால் அதற்கு லேபிள் வேண்டும். பின்னால் பட்டாசு வந்தது, அதற்கும் லேபிள் வேண்டும். லேபிள் வேண்டுமென்றால் அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்த ஊர், பிற்பாடு நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுக்க ஆரம்பித்தது. இன்றும் ஆடி பதினெட்டு அன்று அடுத்த வருஷத்து காலண்டர் ஆல்பங்களை அங்கே வெளியிடுகிறார்கள். படத்தைத் தேர்ந்தெடுத்து, கடைப் பெயரைக் கொடுத்து, ஆர்டர் போட்டால் முடிந்தது.

இதில் ஒரு நேர்மை இருப்பதைக் கவனியுங்கள். கடைக்காரர் உங்கள் கையில் கொடுக்கிறார். நீங்கள் தெரிந்தே வாங்குகிறீர்கள். பிடிக்கவில்லையா? கழற்றிப் பரணில் போட்டுவிடலாம். மறுநாள் காலையில் அது தானாக இறங்கி வந்து ஆணியில் மாட்டிக்கொள்ளாது.

கம்ப்யூட்டரில் மாட்டிக்கொள்ளும். அதுதான் இந்த வாரக் கதை.

*

2005 வாக்கில் சிவகாசியில் ஒரு டிடிபி சென்டரில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பட்டாசு லேபிள் என்று எல்லாம் டிசைன் செய்கிற சின்னக் கடை. ஓனர் அண்ணாச்சி ஏதோ ஒரு படம் தேடுவதற்காக இன்டர்நெட்டைத் திறந்தார். திறந்தது பிரவுசரா, பேருந்து நிலைய விளம்பரத் தட்டியா என்று சந்தேகம் வந்துவிட்டது. மேலே ஒன்றின்கீழ் ஒன்றாக நான்கு டூல்பார்கள். ஒன்றில் சிரிக்கும் பொம்மைகள். ஒன்றில் வானிலை. இரண்டில் தேடுவதற்கான பெட்டி. மிச்சமிருந்த இடம் தபால்பெட்டி வாய் அளவுக்குத்தான் இருந்தது. டெஸ்க்டாப்பிலோ, அவருடைய ஃபைல்களுக்கு நடுவே சீட்டாட்டம், டேட்டிங், கடன் அட்டை என்று ஏகப்பட்ட ஐகான்கள்.

"என்ன அண்ணாச்சி இதெல்லாம்?"

"தெரியலையே தம்பி. தானா வந்துச்சு. அழிச்சா மறுநாள் திரும்ப வந்து நிக்குது. நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல."

அடுத்த வாரம் மெக்கானிக் வந்தார். அன்றைய சர்வரோக நிவாரணி ஒன்றுதான்: ஃபார்மேட். டூல்பார்கள் போயின. டெஸ்க்டாப்பில் வைத்திருந்த இரண்டு வருஷத்து டிசைன்களும் சேர்ந்து போயின. பழைய கஸ்டமர் வந்து, "போன வருஷம் போட்டதையே பேரை மட்டும் மாத்திக் குடுங்க" என்று கேட்டால், அண்ணாச்சி முதலிலிருந்து உட்கார வேண்டியதாயிற்று. அப்போதும் அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டார்.

தப்பு அவருடையது இல்லை. அது தானாகவும் வரவில்லை. ஒவ்வொன்றையும் யாரோ காசு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்தச் சுவருக்கான சண்டை, அண்ணாச்சி கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அதைப் புரிந்துகொள்ள நாம் 1996-க்கு, அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

*

விண்டோஸ் 95 வெளிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் தெரிகிற முதல் திரை, அதாவது டெஸ்க்டாப், உலகத்திலேயே விலை உயர்ந்த சுவராக மாறிக்கொண்டிருந்தது. அங்கே யாருடைய ஐகான் இருக்கிறதோ, அதைத்தான் ஜனங்கள் கிளிக் செய்வார்கள்.

காம்பேக் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி தன்னுடைய பிரசாரியோ மாடல்களில் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஐகானையும் எம்எஸ்என் ஐகானையும் எடுத்துவிட்டது. பதிலுக்கு நெட்ஸ்கேப்பையும் ஏஓஎல்லையும் வைத்தது. நம் பெட்டி, நம் இஷ்டம் என்று நினைத்துவிட்டார்கள். 1996 மே 31 தேதியிட்ட கடிதம் வந்தது. ஐகான்களைப் பழைய இடத்தில் திருப்பி வைக்காவிட்டால் உங்களுக்குக் கொடுத்த விண்டோஸ் லைசென்ஸை ரத்து செய்கிறோம். அவ்வளவுதான். விண்டோஸ் இல்லாமல் யார் கம்ப்யூட்டர் வாங்குவார்கள்? காம்பேக் பணிந்தது. ஐகான்கள் திரும்பி வந்தன.

அதே வருஷம் மார்ச்சில் இன்னொரு கூத்து நடந்திருந்தது. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என்னுக்கு நேரடிப் போட்டி ஏஓஎல். அந்தப் போட்டியாளருக்கே மைக்ரோசாஃப்ட் தன் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டருக்குள் இடம் கொடுத்தது. கைம்மாறு? ஏஓஎல் தன் வாடிக்கையாளர்களுக்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கொடுக்க வேண்டும். காசாகக் கொடுப்பதைவிட ஒரு ஐகானுக்கான இடத்தைக் கொடுப்பது பெரிய சலுகையாக இருந்த காலம் அது.

1998 மே மாதம் அமெரிக்க அரசாங்கம் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டது. 1999 நவம்பரில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் வெளியிட்ட நீண்ட அறிக்கையில் இந்த ஐகான் பஞ்சாயத்துகள் எல்லாம் இருக்கின்றன. கம்பெனியை இரண்டாக உடைக்க வேண்டும் என்ற அவருடைய 2000-ம் வருஷத்து உத்தரவு, அடுத்த வருஷமே மேல்கோர்ட்டில் அடிபட்டுப்போனது. ஆனால், ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றிக்கொண்டது என்ற தீர்ப்பு நின்றது. 2001 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்தது. கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்கள் இனி எக்ஸ்ப்ளோரர் ஐகானை எடுத்துவிடலாம் என்றது.

இத்தனை பெரிய வழக்கில் யார் யார் சண்டை போட்டார்கள், பாருங்கள். மைக்ரோசாஃப்ட், காம்பேக், ஏஓஎல், நெட்ஸ்கேப், அரசாங்கம். சுவருக்குச் சொந்தக்காரரை, அதாவது காசு கொடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கியவரை, யாராவது கேட்டார்களா? மூச்!

*

பெரிய கம்பெனிகள் வாசல் வழியாக வந்தார்கள் என்றால், சின்னக் கம்பெனிகள் ஜன்னல் வழியாக வந்தார்கள். அந்த ஜன்னலைத் திறந்துவைத்ததும் மைக்ரோசாஃப்ட்தான். 1997-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4, வெளியார் எழுதும் சின்னச் சின்ன புரோகிராம்களை பிரவுசருக்குள்ளேயே குடிவைக்க வசதி செய்து கொடுத்தது. நல்லவர்களும் பயன்படுத்தினார்கள். 2000 டிசம்பரில் வந்த கூகுள் டூல்பார், தேடுவதைச் சுலபமாக்கியது. பிற்பாடு பாப்-அப் விளம்பரங்களைத் தடுக்கவும் செய்தது. ஜனங்கள் விரும்பியே போட்டுக்கொண்டார்கள்.

கூடவே மற்றவர்களும் வந்தார்கள். ஊதா நிறக் கொரில்லா ஒன்று டெஸ்க்டாப்பில் குதித்து ஜோக் சொல்லும். பெயர் பான்சி படி. குழந்தைகளுக்குக் கொள்ளைப் பிரியம். அந்தக் குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வாங்கியதற்காக, 2004-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் அதன் கம்பெனி 75,000 டாலர் கட்டியது. கேட்டர் என்று இன்னொன்று. பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்று உள்ளே வந்து, அடுத்தவர் வெப்சைட்டுக்கு மேலே தன் விளம்பரத்தை விரித்தது. பத்திரிகைகள் கோர்ட்டுக்குப் போயின. பெயர் கெட்டதும் 2003-ல் கம்பெனியின் பெயரையே கிளாரியா என்று மாற்றிக்கொண்டார்கள்.

எப்படி உள்ளே வந்தார்கள்? இதைப் புரிந்துகொள்ள சிவகாசி கிஃப்ட் பாக்ஸ் போதும். உங்களுக்கு வேண்டியது கம்பி மத்தாப்பும் சங்குசக்கரமும். பெட்டியில் இன்னும் இருபது அயிட்டம் சேர்ந்து வரும். ஆனால் என்னென்ன இருக்கிறது என்று பெட்டியிலேயே லிஸ்ட் இருக்கும். மென்பொருள் பெட்டியிலோ, லிஸ்ட் இருக்கும் பக்கத்தையே மறைத்துவைத்தார்கள். இலவசமாகப் பாட்டு இறக்கிக் கொடுத்த கஸாவை நிறுவினால், கேட்டரும் சேர்ந்து வந்தது. "நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று தட்டிக்கொண்டே போனால் எல்லாம் வரும். "கஸ்டம்" என்ற பொத்தானை அமுக்கியவருக்கு மட்டும், ஏற்கெனவே டிக் அடித்துவைத்த கட்டங்கள் கண்ணில் படும்.

இதன் பொருளாதாரம் ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவதற்கும், ஏற்றிவிட்டவருக்கு ஒரு கமிஷன். மிளகாயும் மல்லியும் பருப்பும் கைமாறும் விருதுநகர் மண்டிகளில் கமிஷனைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே சரக்கு யாருடையது, கமிஷன் யாருக்கு என்பது சீட்டில் இருக்கும். நான் பி.காம். படித்தபோது முதல் நாளே சொல்லிக்கொடுத்தது, ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது. "இலவசம்" என்று ஒரு பக்கம் எழுதினால், மறுபக்கத்தில் யாரோ ஒருவர் கணக்கில் அது ஏறியே தீரும். அண்ணாச்சியின் திரை அப்படித்தான் ஏறியது.

பேர்பெற்ற இடங்களும் இதற்கு விலக்கல்ல. உலகமே பயன்படுத்திய ஜாவாவை அப்டேட் செய்தால், ஆஸ்க் டூல்பாரும் கூட வரும். 2015 வரை இது நடந்தது. அதே வருஷம் பிப்ரவரியில், லெனோவா லேப்டாப்கள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டிருந்தது அம்பலமானது. வங்கித் தளங்களுக்கான பாதுகாப்புப் பூட்டையே அது பலவீனமாக்கியிருந்தது. பெட்டியைப் பிரிக்கும் முன்பே சுவரில் ஆணி அடித்திருந்தார்கள்!

*

சரி, இன்று உங்கள் கம்ப்யூட்டரில் அப்படி ஒன்று வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? ஃபார்மேட் வேண்டாம். பதறவும் வேண்டாம்.

முதலில், ஐகானை அழித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஐகான் என்பது லேபிள். லேபிளைக் கிழித்தால் பெட்டிக்குள் இருக்கும் சரக்கு போய்விடுமா? செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளில் வந்தவர்கள் யார் என்று தெரிந்துவிடும். அந்நியர்களை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

அடுத்து பிரவுசர். எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலைத் திறந்து, நீங்கள் போடாததை நீக்குங்கள். தேடுபொறியும் முகப்புப் பக்கமும் மாறியிருந்தால் பழையபடி வையுங்கள். திரையின் மூலையில் விளம்பரம் எட்டிப்பார்க்கிறதா? எப்போதோ ஒரு தளத்துக்கு "அலோ" கொடுத்திருப்பீர்கள். நோட்டிஃபிகேஷன் அனுமதிகளில் போய் அதை ரத்து செய்யுங்கள்.

அப்படியும் பிரவுசரைத் திறந்தால் வேண்டாத தளமே வருகிறதா? பிரவுசர் ஐகானில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டார்கெட் என்ற வரியைப் பாருங்கள். கடைசியில் ஏதாவது வெப்சைட் முகவரி ஒட்டியிருந்தால் அதை மட்டும் அழியுங்கள்.

அழித்தது மறுநாள் திரும்பி வந்தால், வேறொரு புரோகிராம் காவல் இருக்கிறது என்று அர்த்தம். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலிலும், டாஸ்க் ஷெட்யூலரிலும் தேடுங்கள். அண்ணாச்சி காலத்தில் இதற்கெல்லாம் நெதர்லாந்து மாணவர் ஒருவர் இலவசமாக எழுதிக்கொடுத்த ஹைஜாக்திஸ் என்ற மென்பொருள் தேவைப்பட்டது. அது காட்டும் பட்டியலைப் படிக்க ஆள் தேட வேண்டும். இப்போது விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது. முழு ஸ்கேன் ஒன்று ஓடவிடுங்கள். "டூல்பாரை நீக்குகிறோம்" என்று விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். திருடனிடமே சாவியைக் கொடுத்த கதை.

ஒன்று கவனித்தீர்களா? வருவதற்கு ஒரு கிளிக் போதும். அனுப்புவதற்கு நான்கைந்து இடங்களில் தேட வேண்டியிருக்கிறது. இது விபத்தில்லை. அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

*

டூல்பார் காலம் மலையேறிவிட்டது. கூகுள் டூல்பார் 2021-ல் மூடப்பட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூனில் விடைபெற்றது. ஆனால் சுவர் சண்டை முடியவில்லை. சுவர் இடம் மாறிவிட்டது. இப்போது அது உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

புது ஆண்ட்ராய்டு போனை ஆன் செய்யுங்கள். நீங்கள் போடாத எத்தனை ஐகான்கள்! சிலவற்றை மறைக்கலாம், நீக்க முடியாது. இந்த விவகாரம் நம் நாட்டிலேயே விசாரணைக்கு வந்தது. 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. முன்கூட்டியே போட்டுத் தரும் ஆப்களை, விரும்பினால் நீக்கிக்கொள்ளும் உரிமை ஜனங்களுக்கு வேண்டும் என்றும் உத்தரவு போட்டது. 2023 மார்ச் 29 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் வேறு சில உத்தரவுகளுடன், அந்த நீக்கும் உரிமை பற்றிய உத்தரவையும் ரத்து செய்துவிட்டது. வழக்கு அங்கிருந்து உச்ச நீதிமன்றம் போனது.

இந்த முறை ஒரே ஒரு வித்தியாசம். காம்பேக் காலத்தில் யாரும் கேட்காத கேள்வியை, இங்கே ஓர் ஆணையம் எழுத்தில் கேட்டது. சுவருக்குச் சொந்தக்காரர் விரும்பினால் கழற்றலாமா, கூடாதா?

அதற்குப் பதில் கிடைக்கும்வரை, டிக் அடித்த கட்டங்களைப் பார்க்காமல் "நெக்ஸ்ட்" தட்டாதீர்கள். உங்கள் வேலையை இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அண்ணாச்சி மாதிரி உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

காலண்டர் கொடுக்கிற கடைக்காரர்கூட, "மாட்டிக்கிறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்.