முகாம் வேலையும் வன்னிக்குத் திரும்பும் முடிவும்

தமிழ்நாட்டு முகாமொன்றிலிருந்து திரும்பி கிளிநொச்சியில் குடியிருக்கும் ஒருவரிடம், அங்கே என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். பெயின்ற் அடித்ததாகச் சொன்னார். பொறியியல் படித்த மகனும் அதே வேலைதான். முகாம்களை அறிந்தவர்களுக்கு இந்தப் பதில் புதிதல்ல.

2021 கணக்கின்படி, நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேரும் முகாம்களுக்கு வெளியே சுமார் 34 ஆயிரம் பேரும் இருந்தனர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவில்லை. குடியுரிமை இல்லாததால் அரச வேலை கிடையாது. தனியார் நிறுவனங்களும் ஆவணம் கேட்டுத் தயங்குகின்றன. முகாம் கணக்கெடுப்புக்கு நேரில் நிற்க வேண்டியிருப்பதால் தூர ஊர் வேலையும் சிரமம். எஞ்சுவது நாட்கூலி. 2021இல் உயர்த்தப்பட்ட பிறகும் குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,500 ரூபாய்தான்.

வேலை மோசமென்றால் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அது மறுவளம். வன்னியில் பற்றையாகிப்போன காணியைத் துப்புரவாக்கி, வேலியடைத்து, கிணறு இறைத்து, முதல் அறுவடை வரை சாப்பிடக் கையில் பணம் வேண்டும். நாட்கூலியில் அது சேராது. சேமலாப நிதியும் இல்லை, அனுபவச் சான்றிதழும் இல்லை. இருபது வருடம் பெயின்ற் அடித்தவரும் இங்கே புது ஆள்தான். போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டம் நடந்த காலத்தில் கட்டட வேலை இருந்தது. இப்போது அந்த அளவுக்கு இல்லை.

கனடாவில் குடியுரிமையும் நிரந்தர வேலையும் உள்ளவர் விடுமுறைக்கு வந்து காணி பார்க்கலாம், சரிவராவிட்டால் விமானம் ஏறலாம். முகாம்காரருக்கு அந்த வசதி இல்லை. வெளியேறும் அனுமதி பெற்று வந்தால் முகாம் பதிவு போய்விடும். 2022 மார்ச் முதல் பொருளாதார நெருக்கடியால் படகில் தனுஷ்கோடிக்குப் போனவர்களில், முன்பு முகாமிலிருந்து திரும்பியிருந்தவர்களும் இருந்தார்கள். இரண்டாம் தடவை ஓடியவர்கள் அவர்கள். 2025இல் திரும்பிய முதியவர் ஒருவர், முன்னர் முறையற்ற வழியில் நாட்டைவிட்டு வெளியேறினார் என்று பலாலியில் கைதுசெய்யப்பட்டது பயத்தை இன்னும் கூட்டியது.

திரும்ப நினைப்பவர்கள் சில அலுவல்களை அங்கிருக்கும்போதே முடிப்பது நல்லது. அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர் ஸ்தானிகராலயத்தில் பதிந்து குடியுரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பட்டம் இங்கு செல்லுபடியாகுமா என்பதை இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரிக்க வேண்டும். காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ தொலைந்திருந்தால், உறவினர் ஒருவரைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பிப் பதிவைப் பார்க்கச் சொல்லலாம்.

நான் சந்தித்தவரின் மகனுக்கு இந்தப் பதிவே இன்னும் முடியவில்லை. தகப்பன் இங்கே, மகன் அங்கே பெயின்ற் வாளியோடு.