தோட்டப்புறக் குரல்களும் ஒரு மின்கம்பியும்



லாபு, லின்சம், சுவா பெத்தோங், கெடிஸ் என நெகிரி செம்பிலான் தோட்டங்களின் பெயர்களை நம் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அத்தோட்டங்களின் வரலாற்றை எழுத முற்படுவோருக்கு நிருவாகக் கணக்கேடுகள் கிடைக்கும். பள்ளிப் பதிவேடுகள் கிடைக்கும். ஆனால், விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் மரம் வெட்டி வாழ்ந்த மக்களின் சொந்தக் குரல் கிடைப்பது அரிது. ஏன்? “அக்காலத்தில் கருவி ஏது, மின்சாரம் ஏது?” என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அந்த விடை பாதி உண்மையே. மீதிப் பாதியை ஒலிப்பதிவுக் கருவிக்கு மின்னூட்டிய மின்கலத்தின் கதை சொல்லும்.

மின்கலத்தைச் சுமந்தவர்கள்

1877இல் எடிசன் உருவாக்கிய முதல் ஒலிப்பதிவுக் கருவிக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. கையால் சுழற்றினாலே போதும். 1925க்குப் பின் மின்வழி ஒலிப்பதிவு பரவியது. ஒலியின் தரம் உயர்ந்தது. ஆனால் கருவி மின்சாரத்துக்கு அடிமையாயிற்று. மின்கம்பி எட்டாத ஊர்களின் பாடல்களைப் பதிவது எப்படி?

அமெரிக்காவில் ஜான் லோமாக்ஸ் 1933இல் இதற்கு ஒரு வழி கண்டார். நாட்டுப்புறப் பாடல்களைத் தேடிப் புறப்பட்ட அவர், 300 பவுண்டுக்கும் மேற்பட்ட கருவித் தொகுதியைத் தம் காரில் ஏற்றிச் சென்றார். அதில் இரண்டு எடிசன் மின்கலங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 75 பவுண்டு எடை. கருவிக்கு வெளியே மின்கலம், இடையே ஒரு கம்பி. நாம் பேசும் பொருளின் தொடக்க காலத்து உருவம் அதுவே.

பின்னர்ச் சுமை குறையத் தொடங்கியது. 1951இல் சுவிட்சர்லாந்தில் ஸ்டெபான் குடெல்ஸ்கி உருவாக்கிய நாக்ரா கருவியில் நாடாவைச் சுருள்வில் சுழற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த நாக்ரா 3, டிரான்சிஸ்டரின் துணையால் 12 பெரிய உலர்மின்கலங்களில் இயங்கியது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாப் பேழையை, அதாவது கேசட்டை, அறிமுகப்படுத்தியது. அதற்குரிய முதல் கருவி ஐந்து உலர்மின்கலங்களில், 7.5 வோல்ட்டில் இயங்கியது. ஆய்வாளர்களின் கையில் மட்டுமே இருந்த கருவி, எளியோர் வீட்டுக்கும் வருவதற்கு வழி பிறந்தது.

தோட்டத்தில் மின்சாரம்

1949இல் மலாயாவில் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறிற்று. ஆனால் தோட்டமோ தனியார் நிலம். அரசின் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் தோட்டத்து எல்லையிலேயே நின்றுவிட்டன. பல தோட்டங்களில் நிருவாகத்தின் மின்னாக்கி மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடியது. அது நின்றதும் லயத்து வீடுகள் இருளில் மூழ்கின. தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்விநியோகம் செய்வதை முதலாளியின் கடமையாக்கிய சட்டம் 1990ஆம் ஆண்டுக்குரியது.

அதுவரை மக்கள் கைகட்டி இருந்தார்களா? இல்லை! கார் பேட்டரியை வாங்கினார்கள். 1963 டிசம்பர் 28இல் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிய பின், கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் அந்தப் பேட்டரியின் துணையோடுதான் லயத்துக்குள் நுழைந்தன. மின்னேற்றம் தீர்ந்ததும் மிதிவண்டியில் கட்டிப் பட்டணத்துக் கடைக்குக் கொண்டு போவார்கள். வானொலியும் ஒலிநாடாக் கருவியும் அதே பேட்டரியில் பாடின.

ஒரு கம்பியின் நுட்பம்

இதில் இருந்த கைத்திறனை நம் மாணவர்க்கு அறிவியல் பாடமாகவே சொல்லலாம். கார் பேட்டரி 12 வோல்ட். ஒலிநாடாக் கருவிகளுக்கோ 6, 7.5 அல்லது 9 வோல்ட். நேரே இணைத்தால் கருவி பழுதாகும். பழைய பேட்டரிகளில் ஆறு அறைகளை இணைக்கும் ஈயப் பட்டைகள் வெளியே தெரியும். ஓர் அறைக்கு ஏறத்தாழ 2 வோல்ட். ஆகவே மூன்றாம் அறைக்குப் பின் உள்ள பட்டையில் கம்பியைத் தொடுத்தால் 6 வோல்ட் கிடைக்கும். இம்முறையில் ஒரு குறை உண்டு. அந்த மூன்று அறைகள் மட்டும் முன்னதாகத் தளரும். மொத்தமாக மின்னேற்றும்போது மற்ற மூன்றும் அளவுக்கு மிஞ்சி ஏறும். பேட்டரியின் ஆயுள் குறையும். 1970களில் பரவிய மின்னழுத்தச் சீராக்கிச் சில்லு இக்குறையைத் தீர்த்தது. 12 வோல்ட்டை வாங்கி, 6 வோல்ட்டை மட்டும் வெளியே விட்டு, எஞ்சியதை அது வெப்பமாக்கிவிடும்.

கம்பி அமைப்போர் மறக்கக்கூடாதவை மூன்று. முதலாவது, நேர்முனையும் எதிர்முனையும் மாறக்கூடாது. செருகியின் நடுமுனை சில கருவிகளில் நேர்முனை, சிலவற்றில் எதிர்முனை. இரண்டாவது, பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஓர் உருகி, அதாவது பியூஸ், வேண்டும். கம்பிகள் உரசிக்கொண்டால் கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைப் பாய்ச்சித் தீ மூட்டிவிடும். மூன்றாவது, தளர்ந்த மின்கலத்தில் பதியலாகாது. நாடா மெதுவாக ஓடிப் பதிவாகும். பின்னர் முழு வேகத்தில் ஓட்டும்போது பாட்டியின் குரல் சிறுமியின் குரலாய்க் கீச்சிடும்.

பதியாமற் போனவை

ஆக, கருவி இருந்தது, மின்கலம் இருந்தது, இரண்டையும் இணைக்கும் கைத்திறனும் இருந்தது. மின்னாக்கி ஓய்ந்த பின் தோட்டத்தில் நிலவிய அமைதி, ஒலிப்பதிவுக்கு மிக உகந்தது. ஆயினும் அந்தக் கருவிகளில் பெரிதும் ஒலித்தவை திரைப்பாடல்களே.

இழப்பின் அளவை உணர ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1942–43இல் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் நீளச் சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்திரளாகக் கொண்டு செல்லப்பட்டனர். அதே பாதையில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகளின் நினைவுகள் நூல்களாயின. இலண்டனில் போர்க்கால நினைவுகளைக் குரலாகவே திரட்ட, இம்பீரியல் போர் அருங்காட்சியகம் 1972இல் தனித்துறை அமைத்தது. நம்மவருள் 20 வயதில் சென்று மீண்டவருக்கு அவ்வாண்டில் வயது ஐம்பதுதான்! நினைவு தெளிவாக இருந்த காலம். கேசட்டும் வந்துவிட்ட காலம். எனினும் பதிவான தமிழ்க்குரல்கள் மிகச் சிலவே. குறை மின்சாரத்தில் மட்டும் இல்லை. நம் பாட்டன் பாட்டியின் பேச்சும் வரலாறே என்ற எண்ணம் சமுதாயத்தில் வேரூன்றவில்லை.

இனிச் செய்ய வேண்டியது

சயாம் சென்று மீண்ட தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆனால் பேட்டரியை மிதிவண்டியில் சுமந்த தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. ரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டதையும், தோட்டங்கள் துண்டாடப்பட்டதையும், லயத்து வீடுகளை விட்டு வெளியேறியதையும் அவர்கள் கண்டவர்கள். அவர்களுக்கும் இப்போது எழுபது, எண்பது வயது.

நம் கைப்பேசியே இன்று நல்ல ஒலிப்பதிவுக் கருவி. 5 வோல்ட் மின்சேமிப்பி அதன் வெளி மின்கலம். பதியும்போது சுவர் மின்சாரத்தில் செருகாதீர்கள். சில மின்னேற்றிகள் இரைச்சலைப் புகுத்தும். தனி ஒலிப்பதிவுக் கருவி வைத்திருப்போர் அதனுள்ளும் மின்கலங்களை விட்டுவையுங்கள். மிகக் குறைந்த மின்னோட்டத்தைக் கண்டால் சில மின்சேமிப்பிகள் தாமாகவே நின்றுவிடும். பதிவின் தொடக்கத்தில் பெயர், தோட்டம், நாள் ஆகியவற்றைச் சொல்லச் செய்யுங்கள்.

வரும் பள்ளி விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அரைமணி நேரம் பேசிப் பதிந்து வரட்டும். ஆசிரியர்கள் அப்பதிவுகளைப் பள்ளியில் தொகுத்து வைப்போம். கேட்பதற்கு நாம் முன்வந்தால், சொல்வதற்கு அவர்கள் காத்திருக்கிறார்கள்.