பன்றி மேல் பழி, கூலி மேல் பழி

2009-ல் எச்1என்1 காய்ச்சல் பரவியதும் எல்லாரும் பன்றியைத்தான் கைகாட்டினாங்க. எகிப்தில் ஒரு நோயாளிகூட இல்லாதபோதே, நாட்டிலுள்ள பன்றிகளையெல்லாம் கொல்ல உத்தரவு போட்டாங்க. பன்றி அப்பாவி என்று சொல்ல வரவில்லை. பல வகை ஃப்ளூ அதன் உடலுக்குள் கலந்து புது வைரஸ் பிறக்கும். 2009 வைரஸே அப்படிப் பிறந்ததுதான். ஆனால் 2012 வரை இலங்கைப் பன்றிகளைச் சோதித்தவர்கள் கண்டது தலைகீழ்: மனிதரிடமிருந்து பன்றிக்கு, அதுவும் பலமுறை, தொற்றியிருந்தது.

மலையகத்தாரான நமக்கு இந்தப் பழி போடுற கதை பழசு. கண்டிச்சீமைக்கு வந்த நம் ஆட்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்துவைத்து, சோதித்த பிறகே அனுப்பினார்கள். கூலிதான் நோயைக் கொண்டுவருவான் என்ற நினைப்பு. 1918 இன்ஃபுளுவென்சாவோ தலைமன்னார் வழியாக மட்டுமல்ல, கொழும்புத் துறைமுகம் வழியாகவும் வந்தது. அதனால் இலங்கையின் மக்கள்தொகையில் சுமார் 3 இலட்சம் குறைந்ததாகப் பின்னாளில் ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

தோட்டத்துக்குள் நுழைந்த காய்ச்சலுக்கு லயம் தோதாக இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஒரு குடும்பமே படுக்கும், சமைக்கும், இருமும். அதைக் கட்டியது கூலி இல்லை, கம்பெனி. ஹட்டன், நுவரெலியா பக்கம் இன்னும் பல குடும்பங்கள் லயத்தில்தான் இருக்காங்க.