கடல் கடந்த கல்வி உதவித்தொகையும் உரிமைப் போராட்டமும்

உரிமைகளைப் பற்றிக் கற்பதற்காக மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் வழக்கம் இன்று பல நாடுகளில் உள்ளது. 1992 முதல் 1995 வரை நடந்த போரில் சிதைந்த பொஸ்னியாவின் பல்கலைக்கழக மாணவர்கள் கோடை விடுமுறையில் வேறு நாட்டு நகரங்களுக்குச் சென்று, சில வாரங்கள் மனித உரிமை வரலாற்றைப் படித்துத் திரும்புகின்றனர். 1997-இல் தொடங்கப்பட்ட ஹியூமானிட்டி இன் ஆக்‌ஷன் என்னும் அமைப்பு இத்தகைய உதவித்தொகைகளை வழங்குவதில் பெயர்பெற்றது. இந்தியாவில் இதற்கு இணையான வரலாறு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீள்கிறது. ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள் கடல் கடந்து கற்றதும், கற்றதைக் கொண்டு உரிமை கேட்டதுமே அந்த வரலாறு. அதில் முக்கியமான ஒரு பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது.

கோழியாளத்திலிருந்து புறப்பட்டவர்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ரயில் பாதையில் சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு நிலையங்களைத் தாண்டினால் மதுராந்தகம் வரும். அப்பகுதியைச் சேர்ந்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859-இல் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அக்காலத்தில் இம்மாவட்டத்தின் பறையர் மக்களுடைய நிலை எப்படி இருந்தது என்பதற்கு அரசு ஆவணமே சான்று. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை, நிலமின்மை, கடன், அடிமைக்கு ஒப்பான கூலிமுறை, பள்ளியின்மை ஆகியவற்றை விரிவாகப் பதிவு செய்தது. 1892-இல் வந்த அரசாணையும், பின்னாளில் பஞ்சமி நிலம் என்று அழைக்கப்பட்ட நில ஒதுக்கீடும் இவ்வறிக்கையின் தொடர்ச்சியே.

சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தார். நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்தார். பிறகு சென்னைக்கு வந்து 1891-இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ அந்தச் சொல்லையே இதழின் பெயராக வைத்த துணிவு இன்றும் வியக்கத்தக்கது.

அதே ஆண்டில் எழுந்த ஒரு சிக்கல், வெளிநாட்டுக் கல்வி என்பது யாருக்கு எட்டக்கூடியது என்ற கேள்வியை நேராகத் தொட்டது. இந்திய ஆட்சிப் பணித் தேர்வு அப்போது இலண்டனில் மட்டுமே நடந்தது. அதை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கோரிவந்தது. பிரிட்டிஷ் மக்களவையும் 1893 ஜூனில் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. கப்பல் செலவுக்கு வழியில்லாதவர்களுக்கு இது நல்ல செய்தி என்றே தோன்றும். சீனிவாசன் எதிர்த்தார். தேர்வு இங்கே நடந்தால், ஏற்கெனவே கல்வியைக் கையில் வைத்திருந்த சாதியினரே எல்லாப் பதவிகளையும் பிடிப்பார்கள், மாவட்ட அதிகாரமும் அவர்களிடமே போய்ச் சேரும் என்பது அவருடைய அச்சம். 112 அடி நீளமும் 3,412 கையொப்பங்களும் கொண்ட மனு ஒன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. இந்த நிலைப்பாட்டை அரசுக்குத் துதிபாடுவது என்று பலர் குறை கூறினர். அக்குற்றச்சாட்டு முழு நியாயமானதன்று. தொடக்கப் பள்ளியே இல்லாத சேரிக்குத் தேர்வுக்கூடம் பக்கத்தில் இருந்தால் என்ன, கடலுக்கு அப்பால் இருந்தால் என்ன?

மனுவோடு நிற்காமல் தாமே இலண்டனுக்குச் சென்று முறையிட வேண்டும் என்று சீனிவாசன் புறப்பட்டார். உதவித்தொகை தர எந்த அரசரும் இல்லை, அறக்கட்டளையும் இல்லை. பயணம் இலண்டனை எட்டவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபாரில் தங்கிப் பின் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றவர், நேட்டால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் சொற்களை நீதிபதிக்குப் புரியவைக்கும் வேலை அது. சட்டக் கல்லூரியில் சேராமலே சட்டம் எளியவர்மீது எப்படிப் பாய்கிறது என்பதை அன்றாடம் காணும் இடமும் அதுவே. தாயகம் திரும்பிய பின் 1923-இல் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

பரோடாவின் பதினொன்றரை பவுண்டு

சீனிவாசனுக்குக் கிட்டாத உதவி, அவரைவிட முப்பது வயதுக்கும் மேல் இளையவரான ஒருவருக்குக் கிட்டியது. பரோடா அரசர் சாயாஜிராவ் கெய்க்வாட், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்ற பீமராவ் அம்பேத்கருக்கு மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை அளித்தார். ஒப்பந்தம் 1913 ஜூன் 4 அன்று கையெழுத்தானது. படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசுப் பணியில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவ்வாண்டு ஜூலையில் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பொருளியலுக்கு செலிக்மன், மெய்யியலுக்கு ஜான் டூயி போன்ற பேராசிரியர்கள் அங்கே இருந்தனர். 1916 மே மாதம் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றமும் இயங்குமுறையும் பற்றி ஒரு கட்டுரை படித்தார். மாணவராக இருந்தபோது எழுதிய அந்தச் சிறிய கட்டுரை, அவருடைய வாழ்நாள் சிந்தனைக்கு அடித்தளமாக அமைந்தது.

பிறகு இலண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் படிப்பை நடுவில் விட்டுவிட்டு 1917-இல் திரும்பி, ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடமில்லை. பார்சி சத்திரம் ஒன்றில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. அரசர் பணம் கொடுத்துக் கடல் கடந்து அனுப்பிப் படிக்கவைத்த ஒருவருக்கு, அந்த அரசரின் தலைநகரிலேயே ஓர் அறை கிடைக்கவில்லை. உதவித்தொகை ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும், எங்கே கைவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1920-இல் கோலாப்பூர் அரசர் சாகு மகாராஜும் நண்பர் ஒருவரும் கொடுத்த பண உதவியால்தான் அவர் மீண்டும் இலண்டன் சென்று படிப்பை முடித்தார்.

இலண்டனில் இருவர்

1930 நவம்பர் 12 அன்று இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு தொடங்கியது. ஒடுக்கப்பட்ட மக்களின் பேராளர்களாக அழைக்கப்பட்டவர்கள் இருவர்: எழுபதைக் கடந்த இரட்டைமலை சீனிவாசன், நாற்பதை எட்டாத அம்பேத்கர். ஒருவர் எந்த உதவியும் இன்றிப் புறப்பட்டுப் பாதி வழியில் நின்றவர். மற்றவர் உதவித்தொகையால் படித்தவர். இளமையில் எட்டாத இலண்டனை சீனிவாசன் முதுமையில் அடைந்தார்.

அரசர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்தபோது சீனிவாசன் கைகுலுக்கத் தயங்கியதாகச் சொல்லப்படும் கதை தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். அதைவிட முக்கியமானது, இருவரும் கையொப்பமிட்டுச் சிறுபான்மையினர் துணைக்குழுவிடம் அளித்த பாதுகாப்புத் திட்டம். அதைத் தமிழில் எடுத்துப் பேசுவோர் குறைவு. எட்டு நிபந்தனைகள் கொண்ட அவ்வாவணத்தில் முதலாவது சம குடியுரிமை. இரண்டாவது, சம உரிமைகளைத் தடையின்றி அனுபவிப்பது. சத்திரம், கிணறு, குளம், சாலை, தெரு, பொது ஊர்தி, கல்வி நிலையம் ஆகியவற்றை எல்லோரும் சமமாகப் பயன்படுத்தலாம், தடுப்பவருக்குத் தண்டனை உண்டு என்று அது வரையறுத்தது. ஊர்விலக்கம் செய்வதையும் குற்றமாக்கியது.

இந்த வாசகங்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதையும் ஆவணமே குறிப்பிடுகிறது. சம குடியுரிமைக்கு அமெரிக்க அரசியலமைப்பின் 14-ஆம் திருத்தம். பொது இடங்களுக்கு 1866, 1875 ஆண்டுகளின் அமெரிக்கக் குடியுரிமைச் சட்டங்கள். ஊர்விலக்கத்துக்கு 1922-ஆம் ஆண்டின் பர்மாச் சட்டம். அமெரிக்காவில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக இயற்றப்பட்ட 1875 சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1883-இலேயே செல்லாததாக்கிவிட்டது. பிறந்த நாட்டில் செத்துப்போன ஒரு சட்டத்தின் சொற்களை, கோழியாளத்துக்காரரும் மகாராட்டிரரும் இலண்டனில் உயிர்ப்பித்தனர். சத்திரம் என்ற சொல் அப்பட்டியலில் இருப்பதைப் படிக்கும்போது பரோடா நினைவுக்கு வராமல் இராது. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15(2) பிரிவிலும் கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று இதே வகைப் பட்டியலைக் காணலாம்.

பின்வந்தவர்கள்

1942-இல் வைசிராயின் நிர்வாகக் குழு உறுப்பினரானதும் அம்பேத்கர் செய்த வேலைகளில் ஒன்று, பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு நிதி கேட்டு மனு அளித்தது. மூன்று லட்சம் ரூபாய் கிடைத்தது. கலைப் படிப்பையும் சட்டப் படிப்பையும்விட அறிவியல், தொழில்நுட்ப உயர்கல்வியே தம் மக்களுக்கு அதிகம் பயன்படும் என்று அவர் அம்மனுவில் வாதிட்டார். பொருளியலும் சட்டமும் படித்து அவற்றாலேயே உயர்ந்த ஒருவர் இப்படி எழுதியது கவனிக்கத்தக்கது. அதே காலகட்டத்தில் கேரளத்தின் உழவூரைச் சேர்ந்த கே. ஆர். நாராயணன் டாட்டா அறக்கட்டளையின் உதவியோடு இலண்டன் பொருளியல் பள்ளிக்குச் சென்று ஹெரால்டு லாஸ்கியிடம் அரசியல் பயின்றார். அவர் 1997-இல் குடியரசுத் தலைவரானார்.

விடுதலைக்குப் பின் நடுவண் அரசு 1954-55-இல் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையைத் தொடங்கியது. இன்று ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு உரியவை. நாட்டின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்ணிக்கை. தமிழ்நாடு அரசும் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தின் கீழ் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை அளிக்கிறது. அம்மாணவர்களில் செங்கல்பட்டு மாவட்டத்தினர் யாரேனும் இருந்தால், அவர்கள் கடப்பது சீனிவாசனால் ஒரே மூச்சில் கடக்க முடியாமற்போன கடலைத்தான்.

2022-23-ஆம் ஆண்டுக்கான நடுவண் அரசின் வழிகாட்டுதல்களில் ஒரு மாற்றம் வந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா சார்ந்த சமூகவியல் ஆய்வு ஆகிய தலைப்புகளில் வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு இவ்வுதவித்தொகை இனி இல்லை. அவற்றை இந்தியாவிலேயே படிக்கலாம் என்பது அரசின் விளக்கம். மாணவர்களும் கல்வியாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். சாதியைப் பற்றி ஆராய விரும்பும் ஒரு மாணவருக்குச் சாதிக்கு வெளியே நின்று பார்க்கும் தொலைவு தேவைப்படலாம் என்பது அவர்கள் வாதங்களுள் ஒன்று. 1916-இல் கொலம்பியாவில் படிக்கப்பட்ட கட்டுரையின் தலைப்பு, இந்தப் புதிய விதியின் கீழ் தகுதி பெறாது.