திண்டுக்கல் 1973: மூன்றாம் இடத்தின் பொருள்

இடைத்தேர்தலில் ஆளுங்கட்சியே வெல்லும் என்பது தமிழக அரசியலின் எழுதப்படாத விதி. அவ்விதி பொய்த்த தருணங்களுள் தலையாயது, 1973 மே 20 அன்று நடைபெற்ற திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல்.

1971இல் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 184ஐ வென்ற தி.மு.க., திண்டுக்கல் தொகுதியையும் கைப்பற்றியிருந்தது. அதன் உறுப்பினர் ராஜாங்கத்தின் மறைவால் இடைத்தேர்தல் வந்தபோது, 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய அ.தி.மு.க.வுக்கு வயது ஏழே மாதம். தனக்கென ஒரு சின்னமும் இல்லை. அதன் வேட்பாளர், வழக்கறிஞர் மாயத்தேவர், ஒதுக்கப்படாத சின்னங்களிலிருந்து தேர்ந்துகொண்டதே இரட்டை இலை.

மாயத்தேவர் பெருவெற்றி பெற்றார். பழைய காங்கிரசுக்கு இரண்டாம் இடம், ஆண்டுகொண்டிருந்த தி.மு.க.வுக்கு மூன்றாம் இடம்.

அம்மாதம் வெளிவந்த 'உலகம் சுற்றும் வாலிபன்' மூட்டிய அலையே காரணம் என்பர். திரைக் கவர்ச்சி முதலிடத்தை விளக்கலாம், மூன்றாமிடத்தை விளக்காது. இடைத்தேர்தல் ஆட்சியைக் கவிழ்ப்பதில்லை. ஆகவே அச்சமின்றி ஆள்வோரைக் கண்டிக்கும் வாய்ப்பை அது வாக்காளனுக்குத் தருகிறது. திண்டுக்கல் மக்கள் அவ்வாய்ப்பை முழுதாகப் பயன்படுத்தினர். 1977இல் மாநிலமே அவ்வழி சென்றது.

பின்னர் அவ்வாய்ப்புக்கே விலை பேசப்பட்டது. 2009இல் 'திருமங்கலம் சூத்திரம்' என்னும் தொடர் பிறந்தது. 2017 ஏப்ரலில் பணப்பட்டுவாடாவால் ஆர்.கே. நகர் தேர்தலே ரத்தானது.

ஜேடர்பாளையத்துக் காவிரிக்கரைவரை சுவர்தோறும் தீட்டப்படும் இரட்டை இலை இன்று ஒரு கட்சியின் அடையாளம் மட்டுமே. அது, ஆளுங்கட்சியின் கோட்டைக்குள் வாக்காளன் துணிந்து சொன்ன மறுப்பிலிருந்து முளைத்தது என்பதை எக்கட்சியும் நினைவில் கொள்வது நன்று.