நிலக்கரிச் சாம்பல் கான்கிரீட்

அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தபின் புகையோடு கிளம்பும் நுண்சாம்பலைப் பிடித்து, சிமென்ட்டின் ஒரு பகுதிக்கு மாற்றாகச் சேர்த்துச் செய்யப்படும் கான்கிரீட். கட்டடத் தொழிலில் இந்தச் சாம்பலை 'ப்ளை ஆஷ்' என்பர்.

காரையில் சாம்பல் சேர்ப்பது பழைய வழக்கம். நேப்பிள்ஸ் அருகே பொசுவோலியில் கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து ரோமானியர் கடலுக்குள்ளேயே துறைமுகச் சுவர்களை எழுப்பினர். இந்தியாவில் செங்கல்லைப் பொடித்த சுர்க்கி அதே வேலையைச் செய்தது. போர்ட்லண்ட் சிமென்ட் பரவியதும் இரண்டும் ஒதுங்கின.

20ஆம் நூற்றாண்டில் நிலக்கரியைத் தூளாக்கி எரிக்கும் கொதிகலன்கள் வந்தன. புகையிலிருந்து மின்புலத்தால் தூசியைப் பிரிக்கும் கருவிகளும் வந்தபின், மலைபோல் சேர்ந்த சாம்பலை என்ன செய்வது என்ற கவலை தொடங்கியது. 1937இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் டேவிஸும் அவருடைய குழுவினரும் அதைக் கான்கிரீட்டில் சோதித்த முடிவுகளை வெளியிட்டனர். பின்வந்த ஆய்வுகளுக்கெல்லாம் அடிப்படை அதுவே.

சிமென்ட் நீருடன் வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு மிஞ்சும். வலிமைக்கு அதனால் பெரிய பயன் இல்லை. நீரில் கரைந்து வெளியேறி நுண்துளைகளையும் விட்டுவிடும். சாம்பலிலுள்ள சிலிக்கா அதைப் பற்றிக்கொண்டு, சிமென்ட் தருவது போன்ற பிணைப்புப் பொருளை மேலும் உண்டாக்குகிறது. வினை மெதுவாக நடப்பதால் முதல் வாரங்களில் வலிமை குறைவு. மாதங்கள் செல்லச் செல்லக் கூடும். வெளிப்படும் வெப்பமும் குறைவு.

வெப்பம் குறைவு என்பதே அணைப் பொறியாளர்களை இழுத்தது. பெருங்கனமான கான்கிரீட் உள்ளே சூடேறி, ஆறும்போது வெடிப்பு விடும். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் ஹங்கிரி ஹார்ஸ் அணையில் (1948–1953) ஒரு லட்சம் டன்னுக்கு மேல் சாம்பல் சேர்த்தனர். இந்தியாவில் 1962இல் முடிந்த ரிஹந்த் அணையிலும் அது இடம்பெற்றது.

இந்தியத் தர விதி ஐ.எஸ். 3812, 1966இலேயே வந்துவிட்டது. ஆனாலும் பல பத்தாண்டுகள் சாம்பல் தண்ணீருடன் குழைக்கப்பட்டுக் குட்டைகளுக்கே போயிற்று. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பலாக மிஞ்சுவதால் குட்டைகளும் பெருகின. ஆய்வுக்கூடத்தால் ஆகாததை அரசாணை செய்தது: 1999 செப்டம்பர் 14 அறிவிக்கை, அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் உள்ள செங்கல் சூளைகள் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்றது. எல்லை 2003இல் 100 கிலோமீட்டராகவும் 2016இல் 300 ஆகவும் விரிந்தது. சிமென்ட் ஆலைகளுக்கோ கட்டாயத்தைவிட லாபமே பெரிய தூண்டுகோல். ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸில் சுட்டெடுத்துச் சிமென்ட்டாக அரைக்கும் கிளிங்கர் கட்டிகளுக்குப் பதிலாக, சூளையே தேவைப்படாத சாம்பலை 35 விழுக்காடு வரை பி.பி.சி. எனும் போர்ட்லண்ட் பொசோலானா சிமென்ட்டில் சேர்க்கலாம்.

வீடு கட்டுவோரிடம் இதைக் 'கலப்பட சிமென்ட்' என்று பார்க்கும் சந்தேகம் இன்னும் தீரவில்லை. இவ்வகைக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்ட வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. மூன்றாம் நாளே அதை நிறுத்திவிட்டு, சென்ட்ரிங்கையும் அவசரமாகப் பிரித்தால் வரும் கேட்டுக்குச் சாம்பலைக் குறை சொல்வது நியாயமில்லை.

பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பர் 30இல் மூடியது. நிலக்கரியைக் கைவிடும் நாடுகளில் புதுச்சாம்பல் அருகிவர, பழைய குட்டைகளைத் தோண்டும் வேலை தொடங்கியுள்ளது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்து மீனவர்களை வாட்டிய, சென்னையை அடுத்த எண்ணூரில் பஞ்சம் சாம்பலுக்கன்று. ஆனால் நீரில் கிடந்த சாம்பலை அள்ளி அப்படியே கலவையில் போட முடியாது. கரடான துகளும் எரியாத கரியும் அதில் கலந்திருக்கும். உலர்த்தி, தரம் பிரித்து, தேவையானால் அரைக்கவும் வேண்டும். அந்தச் செலவை மின் நிலையம் ஏற்பதா, சிமென்ட் ஆலை ஏற்பதா என்பதைப் பொறுத்தே குட்டைகள் காலியாகும்.